கரும்பை நம்பி ஓடிய கார்கள்

பெட்ரோலுக்கு மாற்று தேடியவர்கள் – 9

சென்ற இதழில் பார்த்த கரிவாயு பஸ்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே சாலையை விட்டு மறைந்தன. பெட்ரோல் திரும்பி வந்ததும் கரி மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு எல்லோரும் பழைய வழிக்கே போய்விட்டார்கள். இந்தத் தொடரில் இதுவரை சொன்ன மாற்று எரிபொருள்கள் எல்லாவற்றுக்கும் அதே கதிதான். பஞ்சத்தோடு வந்தவை பஞ்சத்தோடு போயின. இந்த முறை சொல்லப்போவது வேறு மாதிரியான கதை. ஒருமுறை செத்துப்போய்விட்டது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, பதினான்கு ஆண்டுகள் கழித்து எழுந்து வந்த எரிபொருளின் கதை. நாடு பிரேசில். பயிர் கரும்பு.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்து நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் அடுத்த ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கியது. பிரேசில் தனக்கு வேண்டிய எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த நாடு. ரயில் பாதைகளைக் கைவிட்டு, நெடுஞ்சாலைகளையும் கார் தொழிற்சாலைகளையும் நம்பி வளர்ந்த நாடு. 1973இல் ஏறத்தாழ 60 கோடி டாலராக இருந்த அதன் எண்ணெய்க் கணக்கு அடுத்த ஆண்டே 200 கோடியைத் தாண்டியது.

வரலாற்றுப் புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொண்டு, ஆகவே பிரேசில் எரிசாராயத்துக்கு மாறியது என்று எழுதிவிடுகின்றன. அது பாதிக் கதை. மறுபாதி சர்க்கரையில் இருக்கிறது. 1974 நவம்பரில் உலகச் சந்தையில் சர்க்கரை பவுண்டுக்கு 60 சென்டைத் தாண்டியது. அதைப் பார்த்து ஆலைக்காரர்கள் கடன் வாங்கி ஆலையைப் பெரிதாக்கினார்கள், கரும்பை நட்டார்கள். அடுத்த ஆண்டே விலை பாதிக்கும் கீழே விழுந்தது. எண்ணெய் வாங்கப் பணமில்லாமல் அரசு ஒரு பக்கம், சர்க்கரையை விற்க வழியில்லாமல் ஆலை முதலாளிகள் இன்னொரு பக்கம். இரண்டு நெருக்கடிகளும் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்ட இடத்தில்தான் 1975 நவம்பர் 14ஆம் தேதி அதிபர் எர்னஸ்டோ கெய்சல் கையெழுத்திட்ட ஆணை பிறந்தது. தேசிய எரிசாராயத் திட்டம் என்று அதற்குப் பெயர். மக்கள் வாயில் அது ‘புரோஆல்கூல்’.

எரிசாராயத்தில் வண்டி ஓட்டுவது பிரேசிலுக்குப் புதிதல்ல. 1925இலேயே ஒரு ஃபோர்டு காரை எரிசாராயத்தில் ஓட்டி ரியோவிலிருந்து சாவோ பாவ்லோவுக்குச் சோதனைப் பயணம் போயிருக்கிறார்கள். 1927இல் அலகோவாஸ் மாநிலத்தின் செர்ரா கிராண்டே ஆலை சொந்தமாக ஒரு சாராய எரிபொருளைத் தயாரித்து விற்றது. 1931இல் இறக்குமதியாகும் பெட்ரோலில் 100க்கு 5 பங்கு உள்நாட்டு எரிசாராயம் கலந்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. ஆக, கலப்பு பழக்கமானதுதான். பெட்ரோலே இல்லாமல் ஓட்டுவதுதான் புதிது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெயர் ஒன்று வருகிறது. 1920களில் தேமல் நோய் தாக்கிப் பிரேசிலின் பழைய தடித்த கரும்பு ரகங்கள் அழிந்தன. முதலில் ஜாவாவிலிருந்து வந்த ரகங்கள் கைகொடுத்தன. பின்னால் வந்தவை கோயம்புத்தூர் ரகங்கள். 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் ஆற்றோரத்து நாணலைக் கரும்போடு சேர்த்து ஒட்டுக்கரும்பு உருவாக்கினார்கள். இனிப்பு கரும்பிலிருந்தும், நோயையும் வறட்சியையும் தாங்கும் முரட்டுத்தனம் நாணலிலிருந்தும் வந்தன. அப்படிப் பிறந்த கோ 290, கோ 419 போன்ற ரகங்கள் சாவோ பாவ்லோவின் செம்மண்ணில் பல ஆண்டுகள் நின்று விளைந்தன. 1975 வருவதற்குள் புதிய ரகங்கள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன என்றாலும், அந்தச் செம்மண்ணைக் கரும்புக்காடாக்கியதில் நொய்யல் கரைக்கும் ஒரு பங்கு உண்டு. சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஆணையில் கரும்போடு மரவள்ளிக்கிழங்கின் பெயரும் இருந்தது என்பது இன்று பலருக்கும் மறந்துபோன செய்தி. மரவள்ளி ஏழை விவசாயியின் பயிர். வறண்ட நிலத்திலும் வரும், சிறு துண்டு நிலத்திலும் வரும். எரிபொருள் திட்டம் சிறு விவசாயிகளைக் கைதூக்கிவிடும் என்று நம்பியவர்கள் அதைத்தான் நம்பினார்கள். பெட்ரோபிராஸ் நிறுவனம் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் குர்வேலோ ஊரில் மரவள்ளிச் சாராய ஆலை ஒன்றைக் கட்டியும் பார்த்தது. அது நிலைக்கவில்லை. காரணம் எளிது. கிழங்கிலிருக்கும் மாவை முதலில் சர்க்கரையாக்க வேண்டும், பிறகு காய்ச்சி வடிக்க வேண்டும். இரண்டுக்கும் வெப்பம் வெளியிலிருந்து வரவேண்டும். கரும்போ தன் விறகைத் தானே சுமந்து வருகிறது. சாறு பிழிந்த சக்கையை அடுப்பில் போட்டால் ஆலையே ஓடும், மின்சாரம்கூட மிஞ்சும். அதனால்தான் பிரேசிலின் கரும்புச் சாராயத்தில் நாம் செலவழிக்கும் ஒவ்வொரு பங்கு புதைபடிவ ஆற்றலுக்கும் எட்டுப் பங்கு அளவில் திரும்பக் கிடைக்கிறது. அமெரிக்காவின் சோளச் சாராயத்தில் அது ஒன்றைச் சற்றே தாண்டும். ஆனால் கரும்பு வென்றதற்கு விஞ்ஞானம் மட்டும் காரணமில்லை. கரும்புக்குப் பின்னால் ஆலையும், நிலமும், தலைநகரில் செல்வாக்கும் உள்ளவர்கள் தயாராக நின்றார்கள். மரவள்ளிக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை.

இனி இன்ஜின். சாவோ பாவ்லோ மாநிலத்தின் சாவோ ஜோசே டோஸ் காம்போஸ் நகரில் விமானப் படையின் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. அங்கே பேராசிரியராக இருந்த உர்பானோ எர்னஸ்டோ ஸ்டும்ப், எண்ணெய் நெருக்கடி வருவதற்கு நெடுநாள் முன்பிருந்தே எரிசாராய இன்ஜினைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தவர். 1975இல் அந்த மையத்தைப் பார்வையிட வந்த கெய்சலிடம் அவர் தன் வேலையை விளக்கிக் காட்டினார். மறுஆண்டு, மாற்றியமைத்த மூன்று கார்கள் பிரேசிலின் பல மாநிலங்கள் வழியாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிக் காட்டின. சாராயத்தில் ஓடும் கார் ஊர் ஊராக வந்து நின்றபோது மக்கள் கூடி வந்து பார்த்தார்கள்.

பெட்ரோல் இன்ஜினில் சாராயத்தை ஊற்றினால் மட்டும் போதாதா? போதாது. சாராயத்தின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று பதினைந்து பங்கு அளவில் வேண்டும் என்றால், சாராயத்துக்கு ஒன்பது போதும். ஆகவே கார்புரேட்டரின் துளைகளை மாற்றவேண்டும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் சாராயத்தில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்தக் குறையை ஈடுகட்ட ஸ்டும்ப் போன்றவர்கள் பிடித்த நூல், சாராயத்தின் தட்டாத குணம். பெட்ரோலை அளவுக்கு மீறி அழுத்தினால் அது நேரத்துக்கு முன்பே வெடித்து இன்ஜின் ‘தட்டும்’. சாராயம் பொறுத்துக்கொள்ளும். பெட்ரோல் கார்களில் எட்டு மடங்கு அளவில் இருந்த அழுத்தத்தைப் பன்னிரண்டு மடங்குக்கு ஏற்றினார்கள். இன்ஜினுக்குத் தெம்பு கூடியது, செலவும் கொஞ்சம் குறைந்தது. இந்தப் பன்னிரண்டு என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அப்படி அழுத்தம் கூட்டிய காரில் திரும்பவும் பெட்ரோலை ஊற்ற முடியாது. சாராயக் கார் வாங்கியவர் திரும்பிப்போகும் பாதையை அடைத்துவிட்டுத்தான் வாங்கினார்.

1979இல் ஈரானில் புரட்சி. எண்ணெய் 30 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு பெட்டிம் நகரத் தொழிற்சாலையிலிருந்து ஃபியட் 147 வெளிவந்தது. சாராயத்தில் மட்டுமே ஓடும்படி பெருமளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் கார். புகைக்குழாயிலிருந்து கரும்புச் சாராயமான கஷாசாவின் வாசனை வந்ததால் மக்கள் அதற்கு ‘கஷாசின்யா’, குட்டிச் சாராயம், என்று செல்லப்பெயர் வைத்தார்கள். தொடக்க நாள்கள் சுகமாக இல்லை. சாராயமும் அதிலுள்ள நீரும் சேர்ந்து கார்புரேட்டரையும் டாங்கியையும் அரித்தன. உள்ளே நிக்கல் பூச்சும் ஈயப் பூச்சும் வேண்டியிருந்தது. குளிர்காலக் காலையில், வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால், சாராயம் ஆவியாக மறுத்தது. அதற்காக பானெட்டுக்குள் ஒரு சின்னப் பெட்ரோல் புட்டியை வைத்து, காலையில் அதிலிருந்து சில துளி பீய்ச்சி வண்டியைக் கிளப்பினார்கள். 1981இல் விற்பனை சரிந்தது. ஆலைகளும் மெக்கானிக்குகளும் பாடம் கற்றுக்கொண்ட பிறகு மீண்டும் ஏறியது.

மக்கள் இதை நம்பி வாங்கியதற்கு உண்மையான காரணம் அரசு கொடுத்த வாக்கு. எரிசாராயத்தின் விலை பெட்ரோல் விலையில் 100க்கு 65 பங்கைத் தாண்டாது என்று அரசு உறுதி சொன்னது. சாராயக் காருக்கு வரி குறைவு. ஆலைகளுக்கு மலிவான கடன். பணவீக்கம் அன்று ஓடிய வேகத்தில் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டும்போது அதன் மதிப்பே கரைந்திருக்கும். விளைந்த சாராயத்தை அரசே வாங்கிக்கொள்ளும். 1975இல் 60 கோடி லிட்டர் அளவில் இருந்த உற்பத்தி 1985–86 பருவத்தில் 1,100 கோடி லிட்டரைத் தாண்டியது. அந்த ஆண்டுகளில் பிரேசிலில் விற்ற புதிய கார்களில் 100க்கு 90க்கும் மேல் சாராயக் கார்கள். பெட்ரோலை இவ்வளவு முழுமையாக ஓரங்கட்டிய நாடு அதற்கு முன் உலகில் இல்லை.

அந்தச் சாராயத்துக்கான கரும்பை வெட்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு வருவோம்.

சாவோ பாவ்லோவின் கரும்புப் பகுதியில் அவர்களை ‘போயா ஃப்ரியா’ என்பார்கள். ஆறிய சோறு என்று பொருள். விடியுமுன் எழுந்து சமைத்து, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு லாரியேறி, நடுப்பகலில் காட்டில் உட்கார்ந்து ஆறிய சோற்றைத் தின்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரிக்குப் ‘பூனை’ என்று பெயர். வெட்டுமுன் கரும்புக்காட்டுக்குத் தீ வைத்துச் சோகையை எரித்துவிடுவார்கள். கரி படிந்த கரும்பை அடியோடு குனிந்து வெட்டி, நுனியைக் கழித்து, நடுவரிசையில் போட்டுக்கொண்டே போகவேண்டும். கூலி எடைக்கு. எடை போடுவது ஆலை. வெட்டியவர் தராசைப் பார்ப்பதில்லை.

ஒரு ஆளுக்கு ஐந்து வரிசை என்பது பழைய வழக்கம். 1984இல் ஆலைகள் அதை ஏழாக்கின. லாரியில் ஏற்றும் இயந்திரம் குறைந்த நடையில் அதிகக் கரும்பை அள்ளலாம் என்பது ஆலையின் கணக்கு. வெட்டுபவரின் கணக்கு வேறு. ஓரத்து வரிசைகளில் வெட்டிய கரும்பை முன்பைவிடக் கூடுதல் தூரம் சுமந்து வந்து நடுவில் போடவேண்டும். நாள் முழுக்க, பக்கத்துக்கு ஒரு வரிசை தூரம் கூடினால் உடம்பு என்னவாகும் என்று கரும்பு வெட்டிய எவரையும் கேட்டால் சொல்வார். மே மாதம் குவரிபா என்ற சிறுநகரில் வெட்டுக்கூலிகள் வேலையை நிறுத்தினார்கள். கொதித்திருந்த கூட்டம், தண்ணீர்க் கட்டணத்தாலும் நொந்திருந்ததால், குடிநீர் நிறுவனத்தின் அலுவலகத்தைத் தாக்கியது. போலீஸ் சுட்டது. ஒருவர் இறந்தார். சில நாள்களில் பக்கத்து ஜபோட்டிகபால் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து வரிசை திரும்பி வந்தது. ராணுவ ஆட்சி இன்னும் முடியாத காலத்தில், விலை பேசும் சக்தியே இல்லாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள் பெற்ற வெற்றி அது. உலகமே வியந்த சாராயக் கார்களின் பொற்காலம் என்று 1984ஐ எழுதும்போது குவரிபாவையும் சேர்த்து எழுதாதவர்கள் கணக்கை முழுதாக எழுதவில்லை என்பேன்.

இன்னொரு கணக்கு ஆற்றில் ஓடியது. ஒரு லிட்டர் சாராயம் வடித்தால் பத்து லிட்டருக்கும் மேல் சூடான, கருத்த, நாற்றமடிக்கும் கழிவுநீர் மிஞ்சும். அதை ஆறுகளில் விட்டு மீன்களைக் கொன்றார்கள். 1978இல் தடை வந்தபிறகு அதே கழிவைக் கரும்புக்கே பாய்ச்சினார்கள். அதில் பொட்டாசியம் நிறைய இருப்பது அப்போதுதான் உதவியது.

1986இல் எண்ணெய் விலை சரிந்தது. 30 டாலர் விற்ற பீப்பாய் 15க்கும் கீழே வந்தது. பத்தாண்டுகளாகக் கட்டிய கணக்கு முழுவதும் அதோடு தடுமாறியது. பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த அரசு சாராயத்தின் கொள்முதல் விலையை இறுக்கிப் பிடித்தது. ஆலைகளின் செலவு ஏறியது, வருமானம் ஏறவில்லை. அதே நேரத்தில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை ஏறத் தொடங்கியது.

ஆலைக்குள் நுழையும் கரும்புச்சாறு இரண்டு வழியில் போகலாம். ஒரு வழி சர்க்கரை, மறுவழி சாராயம். இரண்டும் உள்ள ஆலையில் எந்தப் பக்கம் எவ்வளவு என்பது முதலாளியின் கையில். அவர் தனக்கு லாபமான பக்கத்தைத் திருப்பினார். வேறு யாரும் அந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருக்கமாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சாலையில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சாராயக் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் இன்ஜின்களுக்குள் இருந்தது பன்னிரண்டு மடங்கு அழுத்தம்.

1989இல் பெட்ரோல் பங்க்குகளில் சாராயம் தீர்ந்தது. வண்டிகள் வரிசையில் நின்றன. அரசு சொன்னதை நம்பி, நாட்டுக்கு நல்லது என்றும் நம்பி, சாராயக் கார் வாங்கிய ஆசிரியரும் டாக்ஸிக்காரரும் விடியுமுன் வந்து வரிசையில் காத்தார்கள். ஏற்றுமதி செய்யப்போவதாகப் பேசிய நாடு வெளிநாட்டிலிருந்து சாராயம் வாங்கியது. அதுவும் போதாமல் மெத்தனால் இறக்குமதி செய்து, 60 பங்கு எத்தனால் (எரிசாராயம்தான்), 33 பங்கு மெத்தனால், 7 பங்கு பெட்ரோல் என்று ஒரு கலவை தயாரித்தார்கள். மெத்தனால் தோலில் பட்டாலே உடம்புக்குள் ஊறும் நஞ்சு. பங்க் ஊழியர்களுக்கு ஆபத்து என்று எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

விற்பனை எவ்வளவு வேகமாக ஏறியதோ அதைவிட வேகமாக விழுந்தது. 1990இல் புதிய கார்களில் சாராயக் கார்கள் 100க்கு 12க்கும் கீழ். அதே ஆண்டு, 1933 முதல் கரும்புத் தொழிலை ஆட்டிவைத்த சர்க்கரை–சாராய நிறுவனத்தை அதிபர் கொல்லோர் கலைத்தார். 1997இல் நாடு முழுக்க விற்ற புதிய சாராயக் கார்கள் ஆயிரத்துச் சொச்சம். திட்டத்தின் உயிர் ஒரே ஒரு இழையில் தொங்கியது. பெட்ரோலில் 22 பங்கு நீரற்ற எத்தனால் கலக்கவேண்டும் என்ற 1993ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த இழை. 1931இன் பழைய கலப்புதான் மீண்டும் வந்து ஆலைகளின் அடுப்பை அணையாமல் காத்தது.

மீட்சி எங்கிருந்து வந்தது? 1990களில் கார்புரேட்டர் போய், இன்ஜினுக்குள் சின்னக் கணினி வந்தது. புகைக்குழாயில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று முகர்ந்து சொல்லும் சென்சார் எல்லாக் கார்களிலும் வந்தது. அமெரிக்காவில் அப்போதே இரண்டு எரிபொருளிலும் ஓடும் கார்கள் இருந்தன. ஆனால் சாராயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க அவை விலைகூடிய தனி சென்சாரைப் பயன்படுத்தின. பிரேசிலில் இருந்த பொறியாளர்கள் அதைக் கழற்றிவிட்டார்கள். எரிந்தபின் வரும் புகையைப் பார்த்தே டாங்கியில் இருப்பது என்ன என்று கணினி கண்டுபிடித்துக்கொள்ளும்படி மென்பொருள் எழுதினார்கள். பாஷ் நிறுவனமும் மாக்னெட்டி மாரெல்லியும் இந்த வேலையில் முன்னின்றன. 2003 மார்ச்சில் ஃபோக்ஸ்வேகன் ‘கோல்’ காரில் அது விற்பனைக்கு வந்தது. சாராயம், பெட்ரோல், இரண்டும் எந்த அளவில் கலந்தாலும் ஓடும்.

ஆலை முதலாளிக்கு 1975 முதல் இருந்த வசதி, எந்தப் பக்கம் திருப்புவது என்று தானே முடிவெடுக்கும் வசதி, முதல்முறையாகக் கார்க்காரர் கைக்கு வந்தது. இனி யார் வாக்கையும் அவர் நம்பவேண்டியதில்லை. பங்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு, எழுதிப்போட்ட இரண்டு விலைகளையும் பார்ப்பார். சாராய விலையைப் பெட்ரோல் விலையால் வகுப்பார். விடை 0.7க்குக் கீழே என்றால் சாராயம், மேலே என்றால் பெட்ரோல். சில ஆண்டுகளிலேயே புதிய கார்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது இந்த வகையாகின. 2008இல் கலப்பையும் சேர்த்துப் பார்த்தால் பிரேசிலின் கார்கள் குடித்த எத்தனால் பெட்ரோலை மிஞ்சியது. கடலுக்கடியில், உப்புப் படிவத்துக்குக் கீழே, பெரிய எண்ணெய்வளம் கண்டுபிடித்திருப்பதாக அறிவித்த பிறகும் கரும்பு களத்தைவிட்டுப் போகவில்லை. 1998இல் காலமான ஸ்டும்ப் இதைப் பார்க்க இருக்கவில்லை.

வெட்டுபவர்களுக்கு அப்படி எந்த வகுத்தல் கணக்கும் கிடைக்கவில்லை. தேவை பெருகப் பெருக ஒரு நாளைக்கு ஒருவர் வெட்டவேண்டிய கரும்பும் பெருகியது. 1980களில் ஆறு டன் அளவில் இருந்தது புதிய நூற்றாண்டில் பத்து, பன்னிரண்டு டன்னைத் தொட்டது. 2004 முதல் சில ஆண்டுகளில் சாவோ பாவ்லோவின் கரும்புக் காடுகளில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை நேரத்திலோ வேலை முடிந்த களைப்பிலோ சுருண்டு இறந்ததைப் புலம்பெயர் தொழிலாளர்களுக்காக உழைக்கும் தேவாலய அமைப்பினர் பெயர் பெயராகப் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் இளவயதினர்.

பிறகு தீ வைப்பதைப் படிப்படியாக நிறுத்தச் சட்டமும் ஒப்பந்தமும் வந்தன. எரிக்காத கரும்பைக் கையால் வெட்டுவது ஆகாத வேலை என்பதால் இயந்திரங்கள் இறங்கின. ஒரு இயந்திரம் எண்பது, நூறு பேரின் வேலையைச் செய்தது. புகை குறைந்தது, பக்கத்து ஊர்க் குழந்தைகள் மூச்சுவிட முடிந்தது.

மினாஸ் ஜெராயிஸின் வடகிழக்கில் ஜெக்கிட்டின்யோன்யா என்றொரு வறண்ட பள்ளத்தாக்கு. ஒவ்வொரு ஆண்டும் அறுவடைப் பருவம் தொடங்கும்போது அங்கிருந்து ஆண்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் சாவோ பாவ்லோவுக்குப் புறப்படும். எட்டு மாதம் வரை திரும்பி வரமாட்டார்கள். வீட்டில் இருக்கும் பெண்களை அந்த ஊரில் ‘உயிரோடிருக்கும் கணவரின் விதவைகள்’ என்று அழைத்தார்கள். இயந்திரங்கள் வந்தபின் பஸ்கள் குறைந்தன. கணவர்கள் வீட்டில் இருந்தார்கள். மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணம் நின்றது.

(தொடரும்)